கட்டத்தாளில் எழுதப்படும் பொய்

தமிழகத்துப் பள்ளி ஆய்வகங்களில் ஆண்டுதோறும் ஒரு விந்தை நிகழ்ந்து வருகின்றது. நூலிற் கட்டித் தொங்கவிட்ட குண்டினை ஆட்டிவிட்டு, அதன் அலைவு நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கம் இவ்வளவென்று கண்டெழுதும் மாணவருள் பெரும்பாலார்க்கு விடை 980 என்றே வந்துவிடுகின்றது. எஞ்சியோர்க்கு 981. காவிரிக் கரையில் ஆட்டினும் அஃதே. குமரிமுனையில் ஆட்டினும் அஃதே. நூல் நைந்திருப்பினும் கடிகை பழுதுற்றிருப்பினும் அஃதே. இத்துணை நுட்பமாக அளக்கவல்ல கைகள் வேறெந்நாட்டில் உள?

ஆனால் இதிலொரு சிக்கல் உண்டு. தமிழ்மண்ணில் அம்முடுக்கம் 980 அன்று, 981-உம் அன்று. சென்னையில் அது நொடிக்கு நொடி ஏறத்தாழ 978 செ.மீ. குமரிப் பக்கத்திலும் 978-ஐ ஒட்டியதே. கொடைக்கானல் மலைமேல் அதனினும் சற்றுக் குறையும். புவி உருண்டை நடுக்கோட்டருகே புடைத்திருத்தலானும், தற்சுழற்சியின் விரைவு ஆங்கு மிகுதலானும், நடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள நாடுகளில் ஈர்ப்பு முடுக்கம் குறைந்தும், முனைகளை நோக்கிச் செல்லச் செல்ல மிகுந்தும் காணப்படும். பொத்தகங்கள் கூறும் 980.665 என்னும் எண், 45 பாகைக் குறுக்குக்கோட்டிற்கும் கடல்மட்டத்திற்கும் உரியதெனக் கொண்டு, 1901-இல் உலக அளவைப் பேரவை வரையறுத்த பொது எண். அக்கோடு பிரான்சின் போர்தோ நகரையும் இத்தாலியின் தூரின் நகரையும் ஒட்டிச் செல்வது. தஞ்சையில் ஆடும் குண்டு தூரின் நகரத்து விடையைச் சொல்கின்றதென்றால், சொல்வது குண்டன்று; பொத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 978-க்கும் 980-க்கும் இடையே உள்ள வேறுபாடு நூற்றுக்குக் கால் பங்கே அன்றோ? அதனைப் பள்ளி ஊசலாற் பிடிக்க இயலுமோ? இயலாது. ஒரு மீட்டர் நீள ஊசல் இருபது அலைவை முடிக்க 40 நொடி ஆகின்றது. கடிகையை அழுத்தும் விரல் ஐந்திலொரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ, நேரத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு பிழை. நேரத்தின் இருபடி வாய்பாட்டில் நிற்றலின் முடுக்கத்தில் ஒரு பங்கு பிழை. அஃதாவது பத்து அலகு. ஆகலின் மெய்யாக அளந்த நாற்பது மாணவர்க்கு 965, 972, 978, 984, 990 என்றிவ்வாறு விடைகள் சிதறியே வருதல் வேண்டும். சிதறாது நாற்பதின்மர்க்கும் 980 எனவே வருதல், நாற்பதின்மரும் நன்கு அளந்தனர் என்பதற்குச் சான்றன்று; ஒருவரும் அளக்கவில்லை என்பதற்கே சான்றாம்.

இப்பொய் எங்கே எழுதப்படுகின்றது? அளக்கும் பொழுதன்று. அளவுகளைப் பட்டியலில் எழுதும் பொழுதும், பின்னர்க் கட்டத்தாளில் புள்ளிகளை இடும் பொழுதுமே எழுதப்படுகின்றது. விடையை முன்வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு, அவ்விடை வருதற்கேற்ற நேரங்களைப் பட்டியலில் நிரப்பி, அப்பட்டியலைக் கொண்டு கோடு வரைந்து, அக்கோட்டின் சாய்விலிருந்து அதே விடையை மீண்டும் ‘கண்டுபிடிக்கும்’ இக்கலை, மேல்நிலை வகுப்புகளில் யாரும் வெளிப்படையாகக் கற்பியாமலே எல்லாரும் கற்றுக்கொள்ளும் கலையாயிற்று. அக்கோடு எல்லாப் புள்ளிகளின் மேலும் இம்மியும் பிசகாது செல்லும். தேர்வாளர் மகிழ்ந்து முழு மதிப்பெண் இடுவார். இயற்பியல் மட்டும் அவ்வறையை விட்டு வெளியேறிவிடும்.

கட்டத்தாள் வரைவு என்பது பதிவேட்டிற்கு அழகு செய்யும் ஒப்பனை என்னும் எண்ணமே இக்கேட்டிற்கு வேர். அது வெறும் படமன்று, ஒரு கருவி. அளவுகோலும் கடிகையும் காட்டாததைக் காட்டும் கருவி. அதன் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டாற் காண்க.

ஊசலின் நீளம் என்பது தொங்கும் இடத்திலிருந்து குண்டின் நடு வரையில் உள்ள தொலைவு. மாணவன் ஒருவன் இதனை அறியாது, நூலின் நீளத்தை மட்டும் கொக்கியின் மேல்முனை வரை அளந்துவிட்டான் என்க. குண்டின் விட்டம் 4 செ.மீ., கொக்கியின் உயரம் 1 செ.மீ. எனின், ஒவ்வோர் அளவிலும் 3 செ.மீ. விடுபட்டுப் போகின்றது. நூல் நீளம் 60, 80, 100, 120 செ.மீ. என அவன் எழுதுகின்றான். மெய்யான ஊசல் நீளமோ 63, 83, 103, 123. நேரத்தைப் பிழையின்றி அளந்தனன் எனக் கொண்டால், அலைவு நேரத்தின் இருபடிகள் முறையே 2.543, 3.350, 4.158, 4.965 ஆகும். இனி, ஒவ்வொன்றையும் வாய்பாட்டில் இட்டுத் தனித்தனியே முடுக்கம் கண்டால் 931, 943, 950, 954 என வரும். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து நிரவல் கண்டால் ஏறத்தாழ 944. விடை பிழையென்று தெரியும். ஏன் பிழையென்று தெரியாது. அந்நிலையில்தான் பொத்தகத்து எண்ணின் பக்கம் கண் செல்லும்.

அதே நான்கு அளவுகளைக் கட்டத்தாளில் இட்டால் நிகழ்வது வேறு. கிடையச்சில் நூல் நீளமும் நிலையச்சில் அலைவு நேரத்தின் இருபடியும் கொண்டு புள்ளியிட, நான்கும் ஒரு நேர்கோட்டில் அமைகின்றன. ஆனால் அக்கோடு தொடக்கப்புள்ளி வழியே செல்லவில்லை. நிலையச்சை 0.12 உயரத்தில் வெட்டுகின்றது. பின்னோக்கி நீட்டினால் கிடையச்சைச் சுழிக்கு இடப்புறம் 3 செ.மீ. தொலைவில் வெட்டுகின்றது. விடுபட்ட மூன்று செ.மீ. தானே முன்வந்து நிற்கின்றது! கோட்டின் சாய்வோ 60 செ.மீ.க்கு 2.422, அதனின்று பெறும் முடுக்கம் 978. எல்லா அளவிலும் ஒன்றுபோலப் புகுந்த பிழையைக் கோடு தன் வெட்டிலே ஒதுக்கி வைத்துவிட்டு, சாய்வைத் தூய்மையாகக் காத்துத் தருகின்றது. நிரவலால் இயலாததைக் கரிக்கோலும் அளவுகோலும் செய்துவிடுகின்றன.

இவ்விடத்தே ஆசிரியர் சிலர் செய்யும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. ‘நீளம் சுழியாயின் நேரமும் சுழியன்றோ? கோடு தொடக்கப்புள்ளி வழியேதான் செல்லவேண்டும்’ என்று கூறி, அளவுகோலின் ஒரு முனையைத் தொடக்கப்புள்ளியில் அழுத்தி வைக்கச் சொல்வர். அவ்வாறு அழுத்தி வரைந்தால் மேற்கண்ட அளவுகள் தரும் விடை 948. கருவி உரைத்த உண்மையைக் கையால் வாய்பொத்தி அடக்கியதற்கு ஈடு இது. தொடக்கப்புள்ளி அளந்து பெற்ற புள்ளியன்று. நீளமில்லா ஊசலை யாரும் ஆட்டிப் பார்த்ததில்லை. கோடு அதன் வழியே சென்றால் மகிழ்க. செல்லாதாயின், ஏன் செல்லவில்லை என்று வினவுக. அவ்வினாவே அன்றைய பாடம்.

வரையும் முறையிலும் சில செய்திகள் வற்புறுத்தத் தக்கன. அளவுத்திட்டத்தை முதலிற் கூறவேண்டும். ஒரு செ.மீ.க்கு 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகளே தக்கவை. 3 எனக் கொண்டால் ஒரு சிறுகட்டம் 0.3 ஆகின்றது, 4 என்னும் அளவைக் குறிக்கப் பதின்மூன்று சிறுகட்டமும் மூன்றிலொரு கட்டமும் எண்ணவேண்டும். அம்மூன்றிலொன்றைக் கண் எங்ஙனம் பிடிக்கும்? புள்ளிகள் தாளின் மூலையில் ஒடுங்கிக் கிடவாமல் பாதித் தாளுக்கு மேல் பரவி நிற்குமாறு அளவுத்திட்டம் அமைதல் வேண்டும். அச்சுதோறும் எவ்வளவை, எவ்வலகில் என்று எழுதுதல் வேண்டும். அலகு எழுதாத அச்சு, ஊர்ப்பெயர் எழுதாத அஞ்சலுறை. புள்ளியைக் கூர்ங்கரிக்கோலால் சிறிதாக இட்டு, அதனைச் சுற்றி ஒரு சிறுவட்டம் வரைக. இல்லையெனில் கோடு புள்ளியை விழுங்கிவிடும், பின்னர்ச் சரிபார்ப்பார்க்கு அளவு எது, வரைந்த கோடு எது என்று தெரியாது.

அடுத்து, புள்ளிக்குப் புள்ளி கோடிழுத்து இணைத்தல். காய்ச்சற்காரனின் வெம்மைப் பட்டியல் போல ஏறியும் இறங்கியும் செல்லும் இம்முறிகோடு, தொடக்க வகுப்பில் மழையளவையும் மாணவர் வருகையையும் வரைந்த பழக்கத்தால் வருவது. ஆங்கு அது தவறன்று. இயற்பியல் ஆய்விலோ ஒவ்வொரு புள்ளியும் சிறு பிழை தாங்கியது. அப்பிழைகளையெல்லாம் இயற்கையின் வளைவுநெளிவுகள் என்று நம்புவதற்கே இம்முறிகோடு ஒப்பாகும். புள்ளிகள் இருபுறமும் ஏறத்தாழ ஒத்துச் சிதறுமாறு நடுவே ஒரு கோடு செல்லவேண்டும். ஒரு புள்ளியின் மேலும் அது செல்லாமற் போகலாம், அதனால் இழுக்கில்லை. கண்ணாடிபோன்ற அளவுகோல் இருப்பின் இருபுறப் புள்ளிகளும் தெரியும். கை தானே நேர்மையாகும்.

கோடு வரைந்தபின் சாய்வு காணவேண்டும். இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடமுண்டு. சாய்வு என்பது அழகிய தமிழ்ச்சொல். கூரையின் சாய்வும் வயலின் சாய்வும் அறிந்த சிற்றூர்ப் பிள்ளைக்கு அதனை விளக்க வேண்டா. ஆயினும் அச்சொல்லே ஒரு பிழைக்கும் வழிகாட்டிவிடுகின்றது. சாய்வென்றவுடன் பாகைமானியை எடுத்துக் கோட்டின் கோணத்தை அளந்து, அக்கோணத்தின் தொடுகோட்டு மதிப்பைப் பட்டியலில் தேடும் மாணவர் உளர். மேற்கூறிய ஊசற்கோட்டையே, கிடையச்சில் ஒரு செ.மீ.க்குப் பத்து அலகும் நிலையச்சில் ஒரு செ.மீ.க்கு அரை அலகும் கொண்டு வரைந்தால் கோணம் 39 பாகை. நிலையச்சில் ஒரு செ.மீ.க்கு ஓரலகு கொண்டு வரைந்தால் 22 பாகை. ஊசல் ஒன்றே; முடுக்கம் ஒன்றே; கோணம் மட்டும் தாளுக்குத் தாள் மாறும். ஆய்வில் நாடும் சாய்வு தாளின் மேல் கோடு சாய்ந்திருக்கும் கோணமன்று. கிடையளவு ஓரலகு ஏறுமிடத்து நிலையளவு எவ்வளவு ஏறுகின்றது என்னும் வீதம். ‘ஏற்றவீதம்’ என்று ஒருமுறை விளக்கிவிட்டுப் பின்னர்ச் சாய்வு என்று வழங்கினால் இக்குழப்பம் எழாது. சொல் தமிழாய் இருத்தல் மட்டும் போதாது. பொருளும் ஐயமின்றி உணர்த்தப்படல் வேண்டும். ‘வரைபடம்’ என்னும் ஒரே சொல்லை நாட்டுப் படத்திற்கும் கட்டத்தாள் வரைவிற்கும் வழங்கிவருதலும் இவ்வாறே எண்ணிப்பார்க்கத் தக்கது.

சாய்வு காணக் கொள்ளும் இரு புள்ளிகளும் கோட்டின் மேல் உள்ளனவாகவும், ஒன்றுக்கொன்று மிகச் சேய்மையில் உள்ளனவாகவும் இருத்தல் வேண்டும். அளந்த புள்ளிகளுள் இரண்டை எடுத்துச் சாய்வு கண்டால், எஞ்சிய புள்ளிகளை அளந்த உழைப்பெல்லாம் வீண். கோட்டின் ஒரு மூலையில் சிட்டுக்குருவி மூக்களவு முக்கோணம் வரைந்து சாய்வு காண்பதும் அன்ன வீணே. அரைக் கட்டம் பிசகினால், பத்துக் கட்ட முக்கோணத்தில் நூற்றுக்கு ஐந்து பிழை. நூறு கட்ட முக்கோணத்தில் அரைப் பிழை.

எல்லாக் கோடும் நேர்கோடு அன்று என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும். ஓம் விதியைச் சரிபார்க்கக் கம்பிச்சுருளுக்கு மாறாகச் சிறு இழைவிளக்கு ஒன்றை மின்சுற்றில் இணைத்துப் பார்க்க. மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் அதே வீதத்தில் ஏறாது பின்தங்கும், கோடு வளையும். குளிர்ந்த தங்குதன் இழையின் தடை, ஒளிரும் நிலையில் உள்ள தடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. வெம்மையேறத் தடையேறுகின்றது என்னும் உண்மையை அவ்வளைவு தானே கூறுகின்றது. அதன் குறுக்கே நேர்கோடு ஒன்றை இழுத்து ‘ஓம் விதி மெய்ப்பிக்கப்பட்டது’ என்று எழுதும் மாணவன், கண்முன் வந்த புதுச்செய்தியைக் கதவடைத்து அனுப்பியவனாகின்றான். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் இருமுனைய ஆய்விலும் இதே கதை. சிலிக்கன் இருமுனையத்தில் 0.6 வோல்ட்டு வரை மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம். அதன்பின் கிடுகிடுவென ஏறும். திருப்பம் நிகழும் அவ்விடத்தில்தான் நெருக்கி நெருக்கி அளவெடுக்க வேண்டும். மாணவரோ 0.1, 0.2, 0.3 என ஒரே இடைவெளியில் அளந்து, ஒன்றும் நிகழாத இடத்தில் ஐந்து புள்ளியும், எல்லாம் நிகழும் இடத்தில் இரண்டு புள்ளியும் பெறுகின்றனர். பின்னர் அவ்விரண்டையும் கற்பனையால் வளைத்து முடிக்கின்றனர். அளவெடுத்துக்கொண்டிருக்கும் பொழுதே புள்ளியிட்டு வந்தால் எவ்விடத்தில் மேலும் அளக்கவேண்டும் என்பதைத் தாளே காட்டியிருக்கும். செய்முறையை ஒருநாள் முடித்து, கோட்டை மற்றொருநாள் வீட்டில் வரையும் பழக்கம் ஆய்வின் கண்ணைக் கட்டிவிடும் பழக்கமாகும்.

ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நிற்குமாயின் என் செய்வது? அழிப்பானைத் தேடுதல் கூடாது. மீண்டும் அளக்கவேண்டும். மீண்டும் அளந்து முன்னை அளவு பிழையென்று கண்டால், அப்புள்ளியை அழியாமல் ஓரடிக்குறி இட்டு, ‘எண்ணுகையில் ஓர் அலைவு விடுபட்டது’ என்றோ வேறு கரணியமோ எழுதிவைக்க வேண்டும். மீண்டும் அவ்வாறே வருமாயின் அது மிக மதிக்கத் தக்க புள்ளி.

அயல்நாட்டு அறிஞர் வாழ்க்கையில் இதற்குச் சான்றுகள் உள. ஒளி பட்ட மாழையினின்று மின்னணுக்கள் வெளிப்படுதலுக்கு ஐன்சுட்டைன் 1905-இல் ஒரு வாய்பாடு கூறினார். அமெரிக்க அறிஞர் மில்லிக்கன் அதன் அடிப்படைக் கருத்தை நம்பவில்லை. நம்பாமலே பல்லாண்டு உழைத்து, ஒளியின் அதிர்வெண்ணைக் கிடையச்சிலும், மின்னணுவைத் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தத்தை நிலையச்சிலும் கொண்டு புள்ளியிட்டார். ஐன்சுட்டைன் கூறியவாறே நேர்கோடு வந்தது. தாம் விரும்பாத கோட்டை வந்தவாறே 1916-இல் வெளியிட்டார். அதன் சாய்விலிருந்து அவர் கண்ட பிளாங்கு மாறிலியின் முன்னெண் 6.57; இற்றை நாளில் வரையறுக்கப்பட்டது 6.626. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. ஒரு கட்டத்தாள் கோடு ஒரு பேரறிஞரின் நம்பிக்கையை வென்றது.

அதே மில்லிக்கனிடத்து மற்றொரு பக்கமும் உண்டு, மறைப்பது முறையன்று. மின்னணுவின் மின்னூட்டத்தை எண்ணெய்த்துளிகளால் அளந்து 1913-இல் வெளியிட்ட கட்டுரையில், 58 துளிகளின் அளவுகளைத் தந்து, அறுபது நாள்களில் ஆய்ந்த துளிகள் அனைத்தும் இவையே என எழுதினார். அவர்தம் குறிப்பேடுகளைப் பின்னர் ஆராய்ந்தோர், வெளியிடப்படாத துளிகள் பல அவற்றுள் இருத்தலைக் கண்டனர். விலக்கியமைக்குத் தக்க கரணியங்கள் பலவற்றுக்கு இருந்திருக்கலாம். முடிவும் பெரிதும் பிழைபடவில்லை. ஆயினும் ‘அனைத்தும் இவையே’ என்னும் அவ்வொரு தொடர் அவர் பெயரின்மேல் இன்றளவும் கறையாக நிற்கின்றது. நோபல் பரிசும் அதனைத் துடைக்கவில்லை.

ஆங்கிலேய இளைஞர் மோசுலி தனிமங்களின் ஊடுகதிர் அதிர்வெண்ணின் இருபடிமூலத்தை அணுவெண்ணோடு சேர்த்து வரைந்தார். 1914-இல் அவர் வெளியிட்ட நேர்கோட்டில் 43, 61, 75 என்னும் இடங்கள் வெறுமையாய் நின்றன. அவற்றை நிரப்ப அவர் தனிமங்களை நெருக்கித் தள்ளவில்லை; வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். 75-ஆவது 1925-இலும், 43-ஆவது 1937-இலும், 61-ஆவது 1945-இலும் கண்டறியப்பட்டன. மோசுலி இவற்றுள் ஒன்றையும் காண வாழ்ந்திலர். 1915-இல் கலிப்போலிப் போர்க்களத்தில் தம் இருபத்தேழாம் அகவையில் மாண்டார்.

இனி, ‘இன்று கணிப்பொறியே கோட்டை வரைந்து சாய்வையும் ஆறு இலக்கத்தில் தந்துவிடுகின்றதே, கையால் வரைவானேன்?’ என்பார்க்கு ஒன்று கூறலாம். கணிப்பொறி எந்தப் புள்ளிகளையும் மறுக்காது. வளைவாய் அமைந்த புள்ளிகளின் ஊடும் நேர்கோடு வரைக என்றால் வரையும். ஆறு இலக்கம் தருவதால் ஆறு இலக்கமும் மெய்யாகிவிடாது. ஐந்திலொரு நொடி பிசகும் விரலோடு அளந்த பின் 977.846 என்று எழுதுவது, முழத்தால் அளந்த துணியின் நீளத்தை மயிரிழைக் கணக்கிற் கூறுவது போலாம். கையால் வரைந்து பழகியவனே கணிப்பொறி வரைந்ததையும் ஐயுற்று நோக்குவான். பழகியபின் அதனைப் பயன்படுத்துக, தடையில்லை.

பழியை மாணவர்மேல் ஏற்றுதல் அறமன்று. 972 என்று மெய்யாகக் கண்ட மாணவனுக்கு மதிப்பெண் குறைத்து, 980 என்று பார்த்தெழுதியவனுக்கு முழு மதிப்பெண் இடும் வரையில், எந்தப் பிள்ளையும் கட்டத்தாளில் உண்மை எழுதத் துணியான். பதினாறு அகவையில் இருபது மதிப்பெண்ணுக்காகப் புள்ளியை நகர்த்தக் கற்றவன், பின்னாளில் பாலத்தின் தாங்குவலியையும் மருந்தின் அளவையும் குடிநீரின் நச்சளவையும் அளந்து எழுதும் இருக்கையில் அமர்கின்றான். அங்கும் ‘வரவேண்டிய விடை’ ஒன்று அவன் முன்னே வைக்கப்பட்டிருக்கும்.

செய்யத் தக்கது எளிதே. செய்முறைத் தேர்வில் இறுதி விடைக்கென்று ஒதுக்கும் மதிப்பெண்ணைப் பெரிதும் குறைத்து, அதனை அளவுத்திட்டம், அலகு, புள்ளியிட்ட செம்மை, கோட்டின் நடுநிலை, சாய்வுக்குக் கொண்ட முக்கோணம், விடையோடு எழுதிய பிழை எல்லை ஆகியவற்றிற்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். பிழை எல்லை காண்பது பெரிய கணக்கன்று. புள்ளிகளுக்கு ஒவ்வுமாறு வரையத்தக்க கோடுகளுள் மிகச் செங்குத்தான ஒன்றையும் மிகப் படுத்த ஒன்றையும் வரைந்து, இரண்டின் சாய்வுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைக் கொண்டால் போதும். ‘978, கூடக்குறையப் பத்து’ என்று எழுதும் பதினொன்றாம் வகுப்பு மாணவி, வெறுமனே ‘980’ என்று எழுதுபவளினும் மிகுதியாக இயற்பியல் அறிந்தவள். தேர்வாளரும் பதிவேட்டின் பட்டியலில் இரண்டு நேரங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றைக் கட்டத்தாளில் காட்டுமாறு மாணவரைக் கேட்கலாம். ஐந்து மணித்துளி வேலை.

ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பு மாணவர் கண்ட நாற்பது விடைகளையும், பெயரின்றி, ஒரே கட்டத்தாளில் புள்ளிகளாக இட்டு ஆய்வகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர் தம் நாற்பதையும் அதன்கீழ் ஒட்டுவர். எந்த ஆண்டில் புள்ளிகள் 978-ஐச் சுற்றிப் பரந்து நிற்கின்றன, எந்த ஆண்டில் 980-இன் மேல் ஒரே குவியலாய்க் குந்தியிருக்கின்றன என்பது, ஆய்வகக் கதவைத் திறந்து உள்ளே வருவார் எவர்க்கும் முதற்பார்வையிலேயே தெரியும்.